கிணற்றடியிலே தொடங்கும் விஞ்ஞானம்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால் எட்டாம் வகுப்புக்கு நான் செல்ல நேர்ந்தது. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்து வந்தவன். ஆயினும் வகுப்பை வெறுமனே இருக்க விடலாகாது என்று எண்ணி, "விசை என்றால் என்ன?" என்று கேட்டேன். முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஓய்விலுள்ள பொருளை இயங்கச் செய்வதும், இயங்கும் பொருளின் வேகத்தையோ திசையையோ மாற்றுவதும் விசை எனப்படும், சேர்" என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தான். பிழை ஒன்றுமில்லை. "நல்லது தம்பி, இன்று காலையில் நீ எங்கெங்கே விசையைக் கண்டாய்?" என்று மறுபடியும் கேட்டேன். அவன் சற்றுத் திகைத்து நின்று, "அது புத்தகத்திலை இல்லை, சேர்" என்றான்.

அன்று காலை அவன் கிணற்றிலே தண்ணீர் அள்ளிக் குளித்திருப்பான். துவிச்சக்கர வண்டியை மிதித்துப் பாடசாலைக்கு வந்திருப்பான். படலையடியில் தடையை அழுத்தி நிறுத்தியிருப்பான். அவ்வளவும் விசையே. தன் கையாலும் காலாலும் நாள்தோறும் செய்வதற்கும், தன் நாவினால் ஒப்புவிப்பதற்கும் இடையே ஒரு தொடர்பு உண்டென்பதை அப்பிள்ளைக்கு ஒருவரும் காட்டவில்லை. அக்குறை அவனுடையது அன்று, நம்முடையது. அதனைச் சிறிதளவேனும் தீர்க்கும் பொருட்டே இன்று பேச எண்ணினேன்.

விசை, இயக்கம், வெப்பம் என்னும் மூன்றும் பாடநூலிலே வெவ்வேறு அத்தியாயங்களாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இயற்கையிலோ அவை ஒரே சங்கிலியின் மூன்று வளையங்கள். விசை இயக்கத்தை உண்டாக்கும். இயக்கம் தேய்ந்து வெப்பமாகும். வெப்பம் மீண்டும் இயக்கமாகும். இந்த மாற்றங்களில் ஏதும் புதிதாக உண்டாவதுமில்லை, முற்றாக அழிவதுமில்லை. இதனை விளக்குவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நம் ஊர்க் கிணற்றடி போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று நாம் சொல்லுவதும் மாரியில் ஓடிக் கோடையில் மறைவதே. ஆகவே நம் முன்னோர் கிணற்றையே நம்பி வாழ்ந்தனர். புகையிலை, மிளகாய், வெங்காயம் யாவும் கிணற்று நீரால் விளைந்தவை. அந்நீரை நிலமட்டத்துக்குக் கொணர்வதற்கு அவர்கள் கையாண்ட பொறியே துலா. இன்று அது அருகிவிட்டது. ஆயினும் உங்கள் அப்பப்பாவையோ அம்மம்மாவையோ கேட்டுப் பாருங்கள். அதன் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி விளக்குவார்கள். நிலத்தில் ஊன்றிய இரு ஆடுகால்கள். அவற்றை இணைக்கும் அச்சுலக்கை. அதன் மேல் ஊசலாடும் நீண்ட துலா. துலாவின் நுனியிலே தொங்கும் துலாக்கொடி. கொடியின் முனையிலே நீர் முகக்கும் பட்டை.

விஞ்ஞானத்திலே இதற்கு நெம்புகோல் என்று பெயர். அதன் விதி மிக எளியது. தாங்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு நிறை இருக்கின்றதோ, அவ்வளவுக்கு அதன் திருப்பும் ஆற்றல் மிகும். நிறையையும் தூரத்தையும் பெருக்கி வருவதே கணக்கு. அச்சுலக்கையிலிருந்து 1 மீற்றர் தூரத்திலே கட்டிய 40 கிலோகிராம் கல்லானது, மறுபக்கத்தில் 4 மீற்றர் தூரத்திலே தொங்கும் 10 கிலோகிராம் நீரோடு சரி நிற்கும். வீட்டுக் கிணறுகளிலே சிறிய துலாவின் பின்புறத்தில் கல்லைக் கட்டியதன் இரகசியம் இதுவே.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கல் நீரைத் தூக்கிவிடுமானால் மனிதனுக்கு வேலையே இல்லையோ? அப்படியன்று. வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கும்போது அக்கல்லை மேலே உயர்த்துபவர் யார்? நாமே. கொடியை நாம் கீழ்நோக்கி இழுக்கின்றோம். கல் மேலே செல்கின்றது. அப்போது கொடுத்த உழைப்பைத்தான், வாளி நிறைந்து மேலே வரும்போது கல் நமக்குத் திருப்பித் தருகின்றது. மேல்நோக்கி இழுப்பதிலும் கீழ்நோக்கி இழுப்பது உடம்புக்கு இலகு. நம் உடலின் நிறையும் கூடவே துணை செய்யும். துலா உழைப்பைக் குறைக்கவில்லை. செய்வதற்கு வசதியான வடிவத்துக்கு அதனை மாற்றித் தந்தது. அவ்வளவே.

தோட்டக் கிணற்றிலே துலா மிதிப்பவரின் வேலை இன்னும் அழகான பாடம். அவர் துலாவின் மீது ஏறி நின்று முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும். அச்சுலக்கையைக் கடந்து பின்பக்கம் நடந்தால் பட்டை ஏறும். அவருடைய நிறை மாறவில்லை, நிற்குமிடமே மாறுகின்றது. அவர் நிறை 60 கிலோகிராம், அவர் நிற்பது அச்சிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் என்று கொள்வோம். 60ஐ 2ஆல் பெருக்க 120. மறுபுறம் 5 மீற்றர் தூரத்திலே 20 கிலோகிராம் நீர், பெருக்க 100. துலாவின் சொந்த நிறையை இப்போதைக்கு விட்டுவிட்டால், 120 வெல்லும். நீர் மேலே வரும்.

இப்பொழுது கணக்கை வேறு விதமாகப் பார்ப்போம். நீர் 5 மீற்றர் உயர்ந்தால், அவர் 2 மீற்றர் தாழ்வார். 20 கிலோகிராம் நீரை 5 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 1000 யூல் வேலை வேண்டும். யூல் என்பது வேலையின் அளவு. 100 கிராம் நிறையுள்ள சிறு மாங்காய் ஒன்றை 1 மீற்றர் உயர்த்தினால் செய்யப்படுவது ஏறத்தாழ 1 யூல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோகிராம் மனிதர் 2 மீற்றர் தாழ்வதால் கிடைப்பது ஏறத்தாழ 1200 யூல். 1200ஐக் கொடுத்து 1000த்தைப் பெற்றோம். எஞ்சிய 200 எங்கே போயிற்று? துலாவையும் பட்டையையும் அசைய வைத்தது ஒரு பகுதி. அச்சுலக்கையிலே உராய்ந்து வெப்பமானது ஒரு பகுதி. துலா கிறீச்சிடுகின்றதே, அவ்வோசையிலும் ஒரு சிறு பங்கு உண்டு. தாழ்ந்தவர் மறுபடியும் மேலேறித்தானே அடுத்த பட்டைக்கு ஆயத்தமாக வேண்டும்? அந்த 1200 யூலையும் தம் கால்களால் ஏறி ஏறி அவரே ஈடு செய்கின்றார். காலையிலே உண்ட பழஞ்சோறே அதற்கு முதல்.

இதுவரை விசையையும் வேலையையும் பார்த்தோம். இனி இயக்கத்துக்கு வருவோம். அதற்குக் கிணற்றடியை விட்டுத் தேரடிக்குச் செல்லவேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் பெருந்திருவிழா 25 நாட்கள் நடைபெறும். 24ஆம் நாள் தேர். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். முதலிலே தேர் அசைய மறுக்கும். எல்லோரும் ஒருமித்து இழுத்த பின்னரே சில்லு உருளத் தொடங்கும். உருண்ட பின்னரோ அத்துணை விசை வேண்டுவதில்லை; நிறுத்துவதுதான் பெரும்பாடாகின்றது. சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோர் கண்ணும் கருத்துமாக நிற்பர். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்க முயலும். இயங்கும் பொருள் அதே நேர்கோட்டில் அதே வேகத்தில் இயங்க முயலும். இக்குணத்துக்குச் சடத்துவம் என்று பெயர். ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது நீங்கள் முன்னே சாய்வதும் இதனாலேயே. வண்டி நின்றுவிட்டது, உங்கள் உடம்புக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

இதனை முதல் விதியாக வைத்து இயக்கத்தின் மூன்று விதிகளையும் ஐசாக்கு நியூற்றன் தம் நூலிலே வெளியிட்டது 1687ஆம் ஆண்டு. யாழ்ப்பாணம் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறி, அப்போது அவர்கள் ஆட்சியில் இருந்தது. இரண்டாம் விதி கூறுவது யாதெனில், விசை மிகுந்தால் ஆர்முடுகல் மிகும். திணிவு மிகுந்தால் ஆர்முடுகல் குறையும் என்பதாம். ஆர்முடுகல் என்பது வேகம் கூடிச் செல்லும் வீதம். வெறும் வண்டியும் மூட்டை ஏற்றிய வண்டியும் ஒரே தள்ளலுக்கு ஒரே வகையாக அசையா என்பதை எந்தப் பிள்ளையும் அறியும். மூன்றாம் விதியைக் காண விரும்புவோர் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லலாம். நயினாதீவிலிருந்து வந்த சிறு படகு கட்டப்படுமுன் ஒருவர் அவசரப்பட்டுக் கரைக்குத் தாவினால், படகு பின்னே விலகும். அவர் கால் படகைப் பின்னே தள்ளிற்று; படகு அவரை முன்னே தள்ளிற்று. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த்தாக்கம் உண்டு என்பது இதுவே.

முதல் விதியைக் கேட்ட பிள்ளை ஒன்று, "இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்குமானால், நான் உருட்டிய பந்து ஏன் நிற்கின்றது?" என்று கேட்குமாயின், அப்பிள்ளையை மெச்ச வேண்டும். பந்து தானாக நிற்கவில்லை. நிலம் அதனைத் தடுக்கின்றது. ஒன்றோடொன்று தேயும் பரப்புகள் இயக்கத்தை எதிர்ப்பதே உராய்வு. செம்மண் ஒழுங்கையிலே விரைவில் நிற்கும் பந்து, சீமெந்துத் தரையிலே வெகுதூரம் ஓடும். உராய்வு பகைவன் என்று எண்ணிவிடாதீர்கள். உராய்வு இல்லையேல் நடக்க முடியாது, முடிச்சுப் போட முடியாது, முட்டுக்கட்டை தேரை நிறுத்தாது.

சரி, நின்றுபோன பந்தின் இயக்கம் எங்கே மறைந்தது? உள்ளங்கை இரண்டையும் சேர்த்து விரைந்து தேய்த்துப் பாருங்கள். கை சுடும். கிணற்றுக் கயிறு பிடி தவறி விரல்களிடையே விரைந்து ஓடினால் தோல் எரியும். மறைந்த இயக்கம் வெப்பமாக வெளிப்பட்டது. இங்கேதான் சங்கிலியின் மூன்றாம் வளையம் இணைகின்றது.

வெப்பம் என்பது பொருள்களுக்குள்ளே புகுந்து ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம் என்றே பல அறிஞர்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். ஜெர்மனியின் மியூனிச்சு நகரத்து ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய் குடைவதை மேற்பார்வை செய்த றம்போட்டுப் பிரபு ஒன்றைக் கவனித்தார். குடையும் கருவி உராயும் வரைக்கும் வெப்பம் வந்துகொண்டே இருந்தது. அதற்கு முடிவே இல்லை. நீரிலே வைத்துக் குடைந்தபோது இரண்டரை மணி நேரத்தில் நெருப்பின்றியே நீர் கொதித்தது. ஒளிந்திருந்த திரவமாயின் ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமே! ஆகவே வெப்பமும் ஒருவகை இயக்கமே என்று 1798இல் அவர் எடுத்துரைத்தார். பின்னர் இங்கிலாந்தில் ஜேம்சு யூல் என்பவர், 1840களிலே, கயிற்றில் தொங்கும் நிறைகளைக் கீழே இறங்கவிட்டு, அவ்விசையால் நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என்று நுட்பமாக அளந்தார். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்னும் நிலையான கணக்கு அதனாற் கிடைத்தது. வேலையின் அளவுக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது. 1 கிராம் நீரை 1 பாகை செல்சியசு சூடேற்ற ஏறத்தாழ 4.2 யூல் வேண்டும் என்பதே அக்கணக்கு.

சூடான பொருளுக்குள்ளே நடப்பது என்ன? எல்லாப் பொருளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துணிக்கைகளால் ஆனவை. அவை ஓயாது அசைந்துகொண்டிருக்கின்றன. அவ்வசைவு மிகுந்தால் பொருள் சூடாகும், குறைந்தால் குளிரும். அகப்பையின் ஒரு முனை கஞ்சிக்குள் இருக்க, மறு முனையை நாம் பிடிக்கின்றோம். உலோக அகப்பையாயின் கை சுடும். சிரட்டை அகப்பையின் மரக்காம்பாயின் சுடுவதில்லை. உலோகத்திலே ஒரு துணிக்கையின் அசைவு அடுத்ததற்கு விரைவாகச் செல்லும், இது கடத்தல். பானையின் அடியிலே சூடேறிய நீர் மேலெழ, மேலே குளிர்ந்திருந்த நீர் கீழிறங்கும், இது மேற்காவுகை. அடுப்பின் முன் அமர்ந்தவரின் முகத்திலே சூடு நேரே வந்து படும், இது கதிர்வீசல். மண்குடத்து நீர் ஏன் குளிர்ந்திருக்கின்றது? குடத்தின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தைக் குடத்திடமிருந்தே எடுத்துக்கொள்கின்றது. அடுக்களை ஒன்றே இத்தனை பாடங்களையும் நடத்திவிடும்.

இப்பொழுது யூலின் கணக்கைக் கொண்டு நம் கிணற்றடிக்கு மீள்வோம். தேத்தண்ணீருக்காக ஒரு குவளை, அதாவது 200 கிராம் நீரை, 30 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடேற்ற வேண்டும். 200ஐ 70ஆல் பெருக்கி, மீண்டும் 4.2ஆல் பெருக்க, 58,800 யூல் வருகின்றது. ஒரு பட்டை நீரை 5 மீற்றர் உயர்த்த 1000 யூல் என்று முன்னர் கண்டோம். ஆகவே ஒரு குவளை நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம், ஏறத்தாழ 59 பட்டை நீரை இறைக்கும் உழைப்புக்குச் சமம்! அடுப்பிலே வீணாகும் வெப்பத்தைச் சேர்த்தால் இன்னும் மிகும். மறுபுறமாகவும் பாருங்கள். உயர்த்திய 20 கிலோகிராம் நீரை மீண்டும் கிணற்றுக்குள் ஊற்றி, அதன் வேலை முழுவதும் அந்நீரிலேயே வெப்பமாக மாறினாலும், அது 1 பாகையில் ஏறத்தாழ 100இல் ஒரு பங்கே சூடேறும். ஒரு கொள்ளி விறகிலே அடங்கியிருக்கும் செல்வம் எவ்வளவு பெரிது என்பது இப்போது விளங்குமன்றோ?

இச்செல்வத்தின் மதிப்பை என் தலைமுறையினர் நூலிலே கற்கவில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாது போயிற்று, எரிபொருளும் தடைப்பட்டது. உலகச் செய்தி அறிய வானொலி ஒன்றே வழி. அதற்கோ மின்கலம் கிடைப்பதில்லை. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, சில்லோடு உராயும் தைனமோவிலிருந்து மின்னைப் பெற்று வானொலி கேட்டோம். ஊரெங்கும் இதுவே வழக்கமாயிற்று. ஒருவர் சுழற்ற, சுற்றத்தார் சூழ்ந்திருந்து கேட்பர். அன்று சுழற்றிய பையன்களில் நானும் ஒருவன். செய்தி முக்கியமான கட்டத்துக்கு வரும்போது கை சோரும், குரல் மங்கும், "தம்பி, விடாதை, சுத்து!" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள்.

காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே இயக்கம் நிகழ்ந்தால் கம்பியிலே மின் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்தார். தைனமோவின் தத்துவம் அதுவே. ஆனால் அக்காலத்துப் பையன் அறிந்த உண்மை இன்னொன்று உண்டு. தைனமோவிலே ஒன்றும் இணைக்காதபோது சில்லு இலகுவாகச் சுழலும். விளக்கை இணைத்தவுடன் மிதிகட்டை சற்றுக் கனப்பதைக் கை உணரும். வெளிச்சம் வானத்திலிருந்து வரவில்லை, கையிலிருந்து பிடுங்கப்படுகின்றது. சோறு கையின் விசையாயிற்று, விசை சில்லின் இயக்கமாயிற்று, இயக்கம் மின்னாயிற்று, மின் விளக்கின் வெப்பமும் ஒளியுமாயிற்று, வானொலியின் ஒலியுமாயிற்று. சக்தி அழியாது, உருமாறும் என்னும் பேருண்மையை நான் படித்த இடம் அந்த முற்றம்.

அதே காலத்திலே பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முதலில் இயக்குவர். இயந்திரம் சூடேறிய பின், அச்சூட்டினாலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். வெப்பம் இயக்கமாவதற்கும் முதலில் சிறிது வெப்பம் வேண்டியிருந்தது. ஊர் மெக்கானிக்குகள் இதனைத் தம் பட்டறையிலேயே கற்றனர்.

இனி, இவ்வறிவினால் இன்று நமக்கு ஆவது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை கூறி முடிக்க விரும்புகின்றேன். மறுபடியும் கிணற்றடிக்கே வருகின்றேன்.

வேலை செய்யும் வேகத்துக்கு வலு என்று பெயர். ஒரு செக்கனில் 1 யூல் வேலை செய்தால் அது 1 வாற்று. உடல் உரமுள்ள ஒருவர் நெடுநேரம் களைக்காமல் செய்யக்கூடிய வேலை ஏறத்தாழ 75 வாற்று. ஒரு குதிரைவலு கொண்ட நீரிறைக்கும் இயந்திரமோ 746 வாற்று. அஃதாவது, தோட்டத்து மூலையிலே இரைந்துகொண்டிருக்கும் அச்சிறு இயந்திரம் பத்து ஆட்களுக்குச் சமம். துலா மிதிப்பவருக்குக் களைப்பு உண்டு. அவர் நின்றதும் கிணறும் ஓய்வு பெறும். இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. ஆகவே கிணற்றுக்கும் ஓய்வு இல்லை.

நம் கிணற்று நீர் எங்கே நிற்கின்றது தெரியுமா? குடாநாட்டின் அடியிலே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மாரி மழை இறங்கித் தேங்குகின்றது. சுற்றிலும் கடலாதலால் உவர்நீரும் அக்கல்லுக்குள்ளே புகுந்திருக்கின்றது. இரண்டிலும் நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே அது உவர்நீரின் மேலே மிதக்கின்றது, தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஒல்லாந்து நாட்டுக் கைபென் என்பவரும், அவருக்குப் பின் 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹேர்சுபேர்க்கு என்பவரும் இதன் கணக்கைக் கண்டனர். 40 பங்கு நன்னீரின் நிறைக்கு 39 பங்கு கடல்நீர் ஈடாகும். ஆதலால் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதனையே திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டம் 1 அடி நிலையாகத் தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர்நீர் 40 அடி மேலெழும்! கிணறு வற்றுமுன்பே உவர்க்கும். உவர்த்த கிணற்றை மீட்பதற்கு மழையும் பொறுமையும் ஆண்டுகளுமே வேண்டும்.

இதுவும் விசையின் பாடமே. இரு நீர்களின் நிறைகள் நெம்புகோலின் இரு பக்கங்கள்போலச் சமன் செய்து நிற்கின்றன. நம் முன்னோர் இக்கணக்கை எழுதி வைக்கவில்லை. துலாவின் மெதுவான நடை அவர்களுக்காக அதனைக் காத்தது. பொத்தானை அழுத்தியதும் நீர் பாயும் காலத்திலே, காலின் களைப்புக் காத்ததை அறிவுதான் காக்கவேண்டும். விசையைப் புத்தகத்தோடு நிறுத்திவிட்ட பிள்ளை நாளை தோட்டக்காரனாகவோ அதிகாரியாகவோ வந்தால், இயந்திரத்தை எப்போது நிறுத்துவது என்று அவனுக்கு யார் சொல்லுவார்?

தமிழிலே இவற்றைக் கற்பிக்கச் சொற்கள் இல்லையே என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. வட்டுக்கோட்டையிலே 1823இல் தொடங்கிய செமினரியில் இயற்கை விஞ்ஞானமும் வானியலும் நம் இளைஞருக்குக் கற்பிக்கப்பட்டன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைப் போதித்து, நூல்களையும் தமிழாக்குவித்தார். ஆர்முடுகல், சடத்துவம், உந்தம், மேற்காவுகை என்னும் சொற்களை இலங்கைப் பிள்ளைகள் பாடசாலையிலே நாள்தோறும் வழங்கி வருகின்றனர். சொல் உண்டு, அச்சொல் சுட்டும் பொருளைப் பிள்ளையின் கையிலே கொடுப்பதுதான் எஞ்சியிருக்கின்றது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "விசை என்றால் என்ன?" என்று மனனம் செய்துகொண்டிருந்தால், புத்தகத்தைச் சற்று மூடச் சொல்லி, கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாளி நீரைக் கையால் இழுக்க விடுங்கள். பின்னர் கப்பியைக் கொண்டு இழுக்க விடுங்கள். எது இலகு, ஏன் இலகு என்று கேளுங்கள். மாணவர்களே, நீங்களும் இன்று மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு தடியைக் கல்லின் மேல் வைத்து, பாரமான பொருளொன்றை நெம்பிப் பாருங்கள். ஒரு பந்தை மணலிலும் சீமெந்திலும் உருட்டி, அது ஓடும் தூரத்தை அளந்து எழுதுங்கள். ஈரத்துணி சுற்றிய போத்தலையும் சுற்றாத போத்தலையும் காற்றோட்டமான நிழலிலே வைத்து, ஒரு மணி நேரத்தின் பின் தொட்டுப் பாருங்கள். கண்டதை உங்கள் சொந்த வாக்கியத்திலே எழுதுங்கள். பிழை வந்தாலும் குற்றமில்லை.

அன்று விடை சொல்லத் திகைத்த அம்மாணவனை மறுவாரமே பாடசாலைக் கிணற்றடிக்கு வகுப்போடு அழைத்துச் சென்றேன். வாளியை இழுத்தபடி அவன் சொன்ன வார்த்தை இது: "சேர், இஞ்சை கயிறு கையை இழுக்குது, கை கயிறை இழுக்குது." நியூற்றனின் மூன்றாம் விதியை அவன் எவரும் சொல்லிக்கொடாமலே சொல்லிவிட்டான். அதனை நூல்நடையில் எழுதுவதற்கு மட்டுமே அவனுக்கு என் உதவி தேவைப்பட்டது.